சாத்தம் பாலம் வரை

ஹட் பே,
26 ஜனவரி 2025

கேத்தி,

உன் நம்பரை ப்ளாக் செய்தது நான்தான். ஹட் பேயில் நெட்வொர்க் இல்லை என்று நம்மோடு ஓடுகிற நெல்சனிடம் சொல்லிக்கொண்டு திரியாதே. போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் உன்னைத் தேற்றுகிற வேலை எனக்கு வந்துவிடும். கேட்க வந்ததை விட்டுவிட்டு, சரி விடுடீ என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். காலேஜில் மூன்று வருஷமும் அப்படித்தான் நடந்தது. காகிதத்தில் அழுகை கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று அத்தாவின் டீக்கடையில் வடை மடிக்க எடுத்த பேப்பரில் உன் படம். போர்ட் பிளேர் மாரத்தானில் தீவுப் பெண்களில் முதலாவதாக வந்தவள், சென்னைப் பயிற்சி முகாமுக்குப் போகிறவள் என்று போட்டிருந்தது. எண்ணெய் உன் கழுத்துவரை ஏறியிருந்தது. அத்தா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, இது உன் சிநேகிதப் புள்ளதானே? இது எப்ப ஓடுச்சு?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். கடல் சரியில்லை என்று ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு வருகிற வெள்ளிக்கிழமைக் கப்பலை ரத்து செய்தார்கள். அடுத்த நாள் இரவுக் கப்பலில் டெக்கில் உட்கார்ந்து வந்தேன். சட்டையில் குத்துகிற நம்பரை வாங்க சனிக்கிழமை மாலையோடு நேரம் முடிந்துவிட்டது. எனக்காக நீ போய்க் கேட்டதாகவும், ஆள் நேரில் வந்தால்தான் தருவோம் என்று கௌண்டரில் சொல்லிவிட்டதாகவும் சொன்னாய். ஞாயிறு விடியலில் ஹாடோ ஜெட்டியில் நான் இறங்கியபோது உன் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "எனக்குத்தான் முட்டி போச்சு. நீ இதைக் குத்திக்கோ. ஒரு வருஷம் ட்ரெய்னிங் எடுத்துட்டு சும்மா நின்னு வேடிக்கை பாக்காதே" என்றாய். என் தலைத்துணிக்கு மேலே உன் தொப்பியை நீயே மாட்டிவிட்டாய். அன்று உன்மேல் எனக்கு எவ்வளவு அன்பு வந்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நம்பரின் பின்னால் ஒட்டியிருக்கிற சிப்தான் நேரத்தைக் கணக்கெடுக்கிறது. கால் யாருடையது என்று அதற்குத் தெரியாது. நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓடியது நான். ஜெயித்தது உன் பெயர். மைக்கில் "கேத்தரின் ஜெபராஜ்" என்று கூப்பிட்டபோது நான் கூடாரத்துக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். "நீயே மேடைக்குப் போ, இல்லேன்னா ரெண்டு பேரையும் தூக்கிருவாங்க" என்று உன்னைத் தள்ளிவிட்டதும் நான்தான். அதை மறுக்கவில்லை. ஒரு மெடலுக்காகச் சொன்னேன். சென்னையில் ஒரு வருஷம், கோச், தங்க இடம், சாப்பாடு, தீவிலிருந்து ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் என்று போட்டிக்குப் பணம் கொடுத்த அந்த ஷூ கம்பெனிக்காரன் மேடையில் அறிவிப்பான் என்பது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை பார்த்தாயா? மெயின்லேண்டிலிருந்து வந்தவர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே முகம்.

இறங்கி வந்து என் காதில் சொன்னாய்: "திங்கக்கிழமை ரெண்டு பேரும் போய்ச் சொல்லிரலாம்."

இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது. எப்போது சொல்லப் போகிறாய்?

பஸீலா


குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேர்,
5 பிப்ரவரி 2025

என் பஸீக்கு,

உன் கடிதத்தைப் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். வீட்டில் வேறு இடமில்லை. பேப்பரில் படம் வந்ததிலிருந்து பாம்பூஃப்ளாட்டில் இருக்கிற அத்தையிலிருந்து கோயில் பாடகர் குழுவரை எல்லோரும் வந்துகொண்டே இருக்கிறார்கள். அப்பா ஆபீசில் கேக் வெட்டினார்கள். உனக்கு என் அப்பாவைத் தெரியும். என் அண்ணன் மெர்ச்சன்ட் நேவிக்குப் போனதிலிருந்து அவருக்கு அவன் ஒருத்தன்தான் பிள்ளை. இப்போது வருகிறவர்களிடமெல்லாம் "எம் மவ" என்கிறார். என் வயதுக்கு இப்போதுதான் அந்தச் சொல்லைக் கேட்கிறேன். இது நியாயம் என்று சொல்ல எழுதவில்லை. சொல்லப் போய் ஏன் வாய் வரவில்லை என்று உனக்காவது தெரியட்டும்.

திங்கட்கிழமை நான் போனேன், பஸீ. சத்தியமாகப் போனேன். அந்தக் கம்பெனி ஆட்கள் தங்கியிருந்த ஹோட்டல் வாசல்வரை போனேன். அங்கே நின்று யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? உன்னையும் நீக்குவார்கள், என்னையும் நீக்குவார்கள். இடம் இரண்டாவதாக வந்தவளுக்குப் போகும். யார் அது? மாற்றலில் வந்து இரண்டு வருஷமாக இங்கே இருக்கிற ஒரு ஆபீசரின் மனைவி. தீவுக்காரி என்று அட்ரஸ் காட்டி ஓடியவள். அவளுக்குப் போவதைவிட நம்மில் ஒருத்தியிடம் இருப்பது நல்லதில்லையா?

நம் காலேஜ் நாட்களின் சாத்தம் ஓட்டத்தை நினைத்துப் பார். குட்வில் எஸ்டேட்டிலிருந்து கிளம்பி சாத்தம் பாலத்தின் அந்தக் கோடியில், மரம் அறுக்கிற மில்லின் கேட்டை ஒட்டிய கம்பியை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்கள் திரும்பி ஓடி வந்து கடைசி ஆளைக் கூட்டிப் போக வேண்டும். நீ வைத்த சட்டம்தான். எப்போதும் முதலில் தொட்டது நீ. ஹாடோ இறக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றது நான். ஒரு நாள்கூட நீ வராமல் இருந்ததில்லை. "கடைசி ஆளு வந்தாத்தான்டீ டீ" என்று கத்திக்கொண்டே வருவாய்.

இந்த ஒரு தடவை நான் முன்னால் போகிறேன். அங்கே கோச்சைப் பழகிக்கொண்டு, எங்கள் தீவில் என்னைவிட நன்றாக ஓடுகிற ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்கிறேன். திரும்பி வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன்.

பத்தாம் தேதி கிளம்புகிறேன். முகாமின் முகவரி பின்பக்கம் இருக்கிறது. மெடல் உன்னுடையது. நெல்சன் ஹட் பேக்கு ஏசி ரிப்பேருக்கு வருகிறானாம், அவனிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள். ப்ளாக்கை எடுத்துவிடுடீ.

உன்
கேத்தி


ஹட் பே,
16 பிப்ரவரி 2025

கேத்தரின்,

மெடல் வந்தது. அதில் பெயர் எதுவும் பொறிக்கவில்லை. பெயர் இருக்கிற இடம் வேறு, அங்கே நீ இருக்கிறாய்.

மெடலைக் கொடுத்துவிட்டு நெல்சன் கடையில் உட்கார்ந்து வடை தின்றான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒனக்கு மட்டும் நம்பர் கெடைக்கலன்னு அவ சொன்னப்ப எனக்குப் புரியல மக்கா. நானே அன்னைக்கி மூணு பேருக்கு வாங்குனேன்லா. போன்ல ஐடி போட்டோவக் காட்டுனா போதும், எடுத்து நீட்டுறான். அரே, ஒன் நம்பர் இருந்த கவர் அங்கதான் கெடந்துச்சு. பேர நான் பாத்தேன். கேத்தி லைன்ல எனக்குப் பின்னாலதான் நின்னா, அவ வாங்கிருவான்னு விட்டுட்டேன்."

என் ஐடியின் போட்டோவை வெள்ளிக்கிழமையே உனக்கு அனுப்பியிருந்தேன். நீ பார்த்துவிட்டாய் என்பதற்கு இரண்டு நீலக் கோடும் விழுந்திருந்தது.

நெல்சன் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். உன் முட்டி டிசம்பரிலேயே போய்விட்டது. உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் ஆபீஸ் முழுக்க கேத்தரின் மாரத்தான் ஓடுகிறாள் என்று சொல்லிவிட்டார். உன் பெயர் ஓடி முடிக்க வேண்டும். அதற்கு ஒரு ஜோடிக் கால் வேண்டும். ஹட் பேயிலிருந்து கால் கப்பலேறி வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதானே? வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் கூப்பிடுவது போலக் கூப்பிட்டிருக்கிறாய். அந்த ஆளுக்காவது வேலை என்னவென்று முன்னாலேயே தெரியும். நான் அதை நட்பு என்று நினைத்து, உன் நம்பரைக் குத்திக்கொண்டு நன்றி சொன்னேன்.

எழுதியதில் நான் தவறாக நினைத்தது ஏதாவது இருந்தால் சொல். இல்லை என்று நீ சொன்னால் நம்பக்கூட நான் தயாராக இருக்கிறேன், என் நிலைமை அவ்வளவு கேவலமாக இருக்கிறது.

திரும்பி வந்து கூட்டிப் போகிறேன் என்கிறாய். இந்த வாக்கியத்தை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அத்தா உழைத்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை நின்றபோது, தொழிலாளர்கள் குடியிருந்த லேபர் லைன் வாசலில் ஜீப்பை நிறுத்தி ஒரு சாகேப் இதைத்தான் சொன்னாராம். கொஞ்சம் பொறுங்கள், போய் ஏற்பாடு செய்துவிட்டு வந்து கூப்பிடுகிறோம். அத்தா பொறுத்தார். தலையில் முடி கொட்டும்வரை பொறுத்துவிட்டு அப்புறம் டீக்கடை போட்டார். போகிறவர்கள் எல்லோரும் வருகிறோம் என்றுதான் சொல்கிறார்கள். கூட்டிப் போகிற எண்ணம் இருந்தால் போவதற்கு முன்னாலேயே கூட்டிப் போயிருக்கலாம்.

பாலத்தில் நான் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். நீ என் கம்பியைத் தொட்டுவிட்டு அதைக் கழற்றிக்கொண்டும் போய்விட்டாய்.

பஸீலா


சென்னை,
12 மார்ச் 2025

பஸீ,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னித்துக்கொள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீ நினைத்தது சரிதான். முழுக்கச் சரி இல்லை, ஆனால் சரி. வரிசையில் நின்றேன். என் கவரை வாங்கினேன். உன் பெயர் வாய்வரை வந்தது. பின்னாலிருந்த ஆள் "சீக்கிரம் மேடம்" என்றார். நகர்ந்தேன். நகர்ந்த பிறகு திரும்பிப் போகலாம் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுவரை நடந்துவிட்டேன். நீ ஜெயிப்பாய் என்று நினைக்கவில்லை, பஸீ. எப்படியும் முடிப்பாய், அப்பாவிடம் காட்ட ஒரு நேரம் இருக்கும் என்று மட்டும்தான் நினைத்தேன். அதை நட்பு இல்லை என்று சொல்லாதே. நீ ஓட வேண்டும் என்றும் எனக்கு ஆசை இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது.

இங்கே என் நிலைமையைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொள். கோச் பெயர் தேவேந்திரன். முதல் நாளே ஓடவிட்டுப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்த டைமிங் ஓடுன பொண்ணு எங்கம்மா? கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான்.

முட்டி பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. ஐஸ் வைத்துக்கொண்டு படுக்கிறேன். அறையில் என்னோடு இருக்கிற அமிர்தவல்லி தர்மபுரிக்காரி, செருப்பில்லாமல் ஓடிப் பழகியவள். என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஓடுகிறவர்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் ஆறாம் தேதி இங்கே ஒரு ரேஸ். அதில் முகாமிலிருக்கிற எல்லோரும் ஓட வேண்டும். என் பழைய நேரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். நீ வருகிறாயா? விமான டிக்கெட் நான் போடுகிறேன். கடற்கரைச் சாலையில் இருட்டோடு ஆரம்பம், ஆயிரக்கணக்கில் ஆட்கள், யாரும் முகம் பார்க்க மாட்டார்கள். அதே தொப்பி. இந்த ஒரு தடவை. அதன் பிறகு முட்டியைக் காரணம் சொல்லி மரியாதையாக விலகிக்கொண்டு, என் இடத்துக்கு உன் பெயரைச் சொல்கிறேன். மரியாதையோடு போகிறவள் சொன்னால் கேட்பார்கள். துரத்தப்பட்டவள் சொன்னால் கேட்பார்களா? யோசித்துப் பார்.

அப்பாவின் முகத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கேத்தி


ஹட் பே,
27 மார்ச் 2025

கேத்தரின்,

நோன்பு முடியப் போகிறது. நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால்தான் ஓடுகிறேன், ஓடி முடித்ததும் தண்ணீர் குடிக்கலாம். அத்தா ஸ்கூட்டியில் பின்னாலேயே வருகிறார், நீரோடைப் பக்கம் முதலை ஏறிக் கிடக்கிறது என்று ஹாரன் அடித்துக்கொண்டே. முதலை பயப்படுகிறதோ இல்லையோ, மாடுகள் ஒதுங்குகின்றன. இங்கே ஊர்களுக்கே கிலோமீட்டர்தான் பெயர் என்று நீ கேலி செய்வாயே. எங்கே போனாய் என்று கேட்டால் பதினாறு கிலோமீட்டருக்குப் போனேன் என்கிறோம். ஜெட்டியிலிருந்து பதினாறாவது கிலோமீட்டரில் இருக்கிற ஊர் அது. ஓடுகிறவளுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. யாரும் அளந்து தர வேண்டாம், சிப்பும் வேண்டாம்.

உன் கடிதத்தை அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கிளாஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பேரு அவளுது, காலு உன்னுது. அங்க போயி விழுந்து எலும்பு முறிஞ்சா, ஆஸ்பத்திரியில யாரு பேரு எழுதுவாங்க?"

இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

வரமாட்டேன். தொப்பியை நீயே வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படி. உன் இடம் போகட்டும், என் இடமும் போகட்டும். என்னை என் பெயரில் அங்கே கூப்பிடு. டிக்கெட் போடாதே, நான் கப்பலில் வருகிறேன். உன் கோச் முன்னால் நீயும் நானும் பக்கத்தில் நிற்போம். நீ கவரை வாங்காமல் விட்டதை நீ சொல். உன் நம்பரைக் குத்திக்கொண்டு ஓடியதை நான் சொல்கிறேன். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது, தண்டனை வந்தால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் கையில் வாட்ச்சை வைத்துக்கொண்டு அவர் என்னை ஒரு தடவை ஓடவிடட்டும். ஓடியதைக் கண்ணால் பார்த்த பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தக் கால் யாருடையது என்று ஒரு ஆளாவது பார்க்க வேண்டும்.

நான் இல்லாமல் சொல்லாதே. இதை மட்டும் கேள். நீ தனியாகச் சொன்னால் அது உன் கதையாகிவிடும். உனக்கு நன்றாகச் சொல்ல வரும். அழவும் வரும். எனக்கு இரண்டும் வராது.

பெருநாள் பிரியாணிக்கு நெல்சன் வருகிறானாம். போன வருஷம் நீயும் வந்தாய். அம்மா கேட்டார்கள். சென்னையில் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன்.

பஸீலா


சென்னை,
26 ஏப்ரல் 2025

என் அன்பு பஸீ,

நீ இதற்குள் வீடியோவைப் பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால் முதலில் இதைப் படி.

ஏப்ரல் ரேஸில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெரிய வெள்ளிக்கு முன்னால் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கௌண்டர், கவர், உன் கடிதங்கள், எல்லாம். "யாருக்குத் தீங்கு செய்தாயோ அவங்களுக்கு ஈடு செய்யம்மா, மன்னிப்பு அப்புறம்" என்றார் ஃபாதர்.

வெளியே வந்ததும் நேராக கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். துரத்திவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே உமா மகேஸ்வரி என்று ஒரு மேடம், விளம்பரம் பார்க்கிறவர். நான் சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "இதை இப்படியே கேமரா முன்னாடி சொல்லுவியா?" என்றார். உன்னையும் வரவழைக்க வேண்டும் என்று சொன்னேன், பஸீ. சொன்னேன். கப்பலில் வர மூன்று நாளாகும் என்றதும், ஈஸ்டர் அன்றே வெளியிட்டால்தான் சரியாக இருக்கும் என்றார்கள். என் கண்ணீர் உண்மையான கண்ணீர். நடிக்கவில்லை.

உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "நானும் என் தோழி பஸீலாவும் சேர்ந்து செய்த தவறு" என்று மட்டும்தான் சொன்னேன். உனக்கும் பங்கு உண்டு என்று நீயே எழுதியிருந்தாய் அல்லவா? கவர் விஷயத்தை மேடம் வேண்டாம் என்றார்கள், கதை நீளுகிறதாம்.

இப்போது நடப்பது எனக்கே நம்ப முடியவில்லை. பார்த்தவர்கள் கணக்கில்லை. எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள், உன் தைரியத்துக்குத் தலைவணங்குகிறோம் என்று. கம்பெனி என்னை அனுப்பவில்லை. முகாமில் ஓடுகிறவளாக இல்லை, பள்ளிக்கூடங்களுக்குப் போய் நேர்மை பற்றிப் பேசுகிற வேலை. அப்பா இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. அப்புறம் அவருடைய பெரிய அதிகாரி வீடியோவைப் பார்த்துவிட்டுக் கை குலுக்கினாராம். நேற்று போன் செய்து "எம் மவ" என்றார்.

ஒரே ஒரு வருத்தம். போட்டிக் கமிட்டி விதிப்படி நம் இருவருக்கும் இரண்டு வருஷம் எந்த ரேஸிலும் ஓடத் தடை. உனக்கும் தாள் வரும். இரண்டு வருஷம் ஓடிப்போய்விடும், கவலைப்படாதே. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான், பாகுபாடு இல்லை.

மனசு லேசாக இருக்கிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். நீ கேட்ட உண்மையைச் சொல்லிவிட்டேன்.

உன்
கேத்தி


சாத்தம் ஜெட்டி, போர்ட் பிளேர்,
11 மே 2025

கேத்தரின் ஜெபராஜுக்கு,

தாள் வந்தது. ஆள் மாறாட்டம் என்று போட்டிருக்கிறார்கள். என் பெயர் முதல் தடவையாக ஒரு ஓட்டப் பந்தயத்தின் காகிதத்தில் அச்சாகியிருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை.

சட்டம் இருவருக்கும் ஒன்று என்கிறாய். உண்மைதான். ஓட முடியாதவளையும் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், ஓட முடிந்தவளையும் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு அதில் என்ன போயிற்று?

வீடியோவை ஹட் பே முழுக்கப் பார்த்தாயிற்று. நீ நன்றாக இருக்கிறாய். வெள்ளைச் சட்டை உனக்குப் பொருந்துகிறது. என் பெயரைச் சொல்லும்போது ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாய், அதைப் பார்த்துக் கடையில் இருந்த ஒரு அக்கா "பாவம் அந்தப் பொண்ணு" என்றார். உன்னைச் சொன்னார். ஜெட்டியில் மூட்டை தூக்குகிற குழந்தைவேலு அண்ணனுக்கு வாய்க் கொழுப்பு. டீ குடிக்க வந்தவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "என்ன பாய், ஒங்க மக இன்னைக்கு யாரு பேருல ஓடுது?"

அத்தா டீயை ஆற்றிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "அவ அத்தா பேருல."

யாரும் சிரிக்கவில்லை. குழந்தைவேலு அண்ணன் டீயை முழுக்கக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை நான் பதினாறு கிலோமீட்டருக்கு ஓடினேன். பஸீலா நசீருதீன் ஓடினாள். அத்தா பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்.

உன் ஃபாதர் யாருக்கு ஈடு செய்யச் சொன்னார்? நீ எழுதியதை வைத்துத்தான் கேட்கிறேன். தீங்கு செய்தது கம்பெனிக்கா? கம்பெனி உன்னால் ஒரு பைசா இழக்கவில்லை. பார்த்துக் கை தட்டிய ஆயிரம் பேருக்கா? அவர்களுக்கு நீ யாரென்றே தெரியாது. கோயிலில் கேட்டதை எடுத்துக்கொண்டு போய் நேராகக் கடையில் விற்றிருக்கிறாய். நான் உன்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். நான் இல்லாமல் சொல்லாதே என்று. அதைப் படித்துவிட்டு, பங்கு உண்டு என்ற என் வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாய். முதலில் என் ஓட்டத்தை எடுத்தாய். அப்புறம் என் குற்றத்தையும் எடுத்து அதை வைத்து நல்லவளானாய். தண்டனையை மட்டும் சரிபாதியாகப் பிரித்து அனுப்பியிருக்கிறாய். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்கிறாய். அந்தக் கவர் எங்கே? உண்மை அந்தக் கவரில் இருந்தது.

கடைக்குச் சாமான் வாங்க நேற்று போர்ட் பிளேர் வந்தேன். நெல்சன் வீட்டில் தங்கினேன். காலையில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான், குட்வில் எஸ்டேட் வழியாகத் தனியாக ஓடினேன். உங்கள் வீட்டு கேட்டில் புதுப் பெயின்ட். உன் அப்பா மொட்டைமாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். குழாயை வேறு தொட்டிக்குத் திருப்பிக்கொண்டார்.

ஹாடோ இறக்கம், பாலம், அந்தக் கோடி. கம்பியைத் தொட்டேன். தொட்டதும் என் கால் தானாகத் திரும்பிவிட்டது, கேத்தி. மூளை ஒன்றும் சொல்லவில்லை. மேட்டில் நீ நிற்கிற இடம்வரை ஓடிவிட்டேன். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. அது என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. அங்கே நின்று மூச்சு வாங்கும்போதுதான் தோன்றியது, இத்தனை வருஷமும் தினமும் உன்னைவிட நான் ஓடிய கூடுதல் தூரம் இதுதான். உன்னைக் கூட்டி வரப் போய்த்தான் என் கால் இவ்வளவு வலுவானது. ஜனவரியில் உன் பெயரை ஜெயிக்க வைத்தது அந்தத் தூரம். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மறுபடி இறங்கிப் பாலத்தைக் கடந்து கம்பியைத் தொட்டேன். இந்த முறை திரும்பவில்லை. நேரே ஜெட்டிக்குப் போய், அக்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டுக்குப் போகிற ஃபெர்ரிக்கு வரிசையில் நிற்கிறேன். அங்கே இறங்கினால் ரோடு மலை ஏறுகிறது. நாம் அந்தப் பக்கம் ஓடியதே இல்லை. ஏற்றம் அதிகம், கேத்தியால் முடியாது என்று நான்தான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதுகில் மாட்டிக்கொண்டு ஓடிய கடைப் பையிலிருந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். பதில் எழுதாதே. ஃபெர்ரி வந்துவிட்டது.

பஸீலா நசீருதீன்